தண்ணீர் வற்றிய மாதத்து இசைத்தட்டு

நஸீர் நானா புதிய சீடியை விளிம்பில் பிடித்து, வாயால் ஒரு தரம் ஊதி, இயந்திரத்துக்குள் தள்ளினார். பிறகு எழுந்து போய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல பாட்டு என்றால் கதவைச் சாத்துவது அவருடைய வழக்கம். வெளியே மாத்தளைக் கடைவீதியின் லொறிச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். நஸீர் நானாவின் கடை ஒரு ரெக்கோடிங் பார். வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போனால் கசட்டில் பதிந்து வைத்திருப்பார். சீடிக் காலம் வந்த பிறகும் பலகையில் பழைய பெயரே இருந்தது.

அன்று கடைக்குள் நாங்கள் நான்கு பேர். நானா, என் அண்ணன் அந்தோனி, சரத், நான். அண்ணன் கிட்டார் வாசிப்பார். சரத் நாவுலப் பக்கம் பஸ் ஓட்டுபவர். எங்கள் பேண்டில் டிரம்ஸ் அடிப்பார். நான் பாடுவேன். தெரியாதவர்கள் முன்னால் பெயரைச் சொல்லவே கூசுகிற எனக்குப் பாட மட்டும் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்குக் காரணமே அந்தச் சீடியில் இருந்த பாட்டுகள்தான்.

சரத்தின் மகள் தில்ருக்ஷிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கொழும்புப் பையன். மாமனாருக்கு என்ன இசை பிடிக்கும் என்று விசாரித்து, ஒரு பழைய இங்கிலாந்து புளூஸ் ரொக் இசைத்தட்டின் மறுபதிப்பை வாங்கி அனுப்பியிருந்தார். மூல நாடாவிலிருந்து சுத்தப்படுத்தியது என்று அட்டையில் வெள்ளி எழுத்தில் இருந்தது. உள்ளே ஒரு சிறு புத்தகம். ஈரமான மேல்கோட்டுகளோடு செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கும் நான்கு நீள முடிக்காரர்கள். முன்பு எங்கள் வீட்டில் இருந்த இதே தட்டின் அட்டையில் பூஞ்சணம் தின்றிருந்த முகங்களை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஒருவருக்குத் தெற்றுப்பல்.

பாட்டு தொடங்கியது.

கிட்டார், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போல் ஓடியது. பாடியவர் குரல், மீசை அரும்பாத பையன் குரல். நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியது இதைவிட மெதுவான பாட்டு, தடித்த குரல்.

"மச்சாங், நானாட மெஷின் பிழை," என்றார் சரத்.

"என்ட மெஷினா? போன மாசம் வாங்கினது!" நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு இயந்திரத்தில் போட்டார். அதே ஓட்டம். பக்கத்துத் துணிக்கடைக்குப் போய் அவர்களுடைய பெட்டியில் போட்டுப் பார்த்தார். சரத் தன் பஸ்ஸில் போட்டுப் பார்த்தார். எங்கே போட்டாலும் அந்த ஆள் அவசரமாகவே பாடினார்.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாங்க இம்புட்டு வருசமா வாசிச்சது என்னது?"

மலையிறங்காத பெட்டி

புளூஸ் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் தங்கள் துக்கத்தைப் பாடினார்கள். கடல் கடந்து இங்கிலாந்துப் பையன்கள் அதைக் கேட்டு, மின்சாரக் கிட்டாரில் ஏற்றி, உரக்க வாசித்தார்கள். அது எங்கள் தோட்டத்துக்கு ஒரு சின்னதுரை, அதாவது வெள்ளைக்கார உதவி மேனேஜர், மூலம் வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்த எல்கடுவவில் அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்குக் கீழே, ஆறு என்று நாங்கள் சொல்லும் ஓடையில், ஒரு நீர்ச்சக்கரம் இருந்தது. அது சுற்றினால்தான் ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் எங்கள் குவாட்டர்ஸுக்கும் மின்சாரம். அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்வது அப்பா.

தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் சின்னதுரை ஊருக்குக் கிளம்பினார். போகும்போது தன் ரேடியோகிராமையும் சில இசைத்தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி. நான்கு பேர் சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் திணித்தார்கள். அம்மா அதன் மேல் மாதா சொரூபத்தை வைத்தார். தட்டு போடும்போதெல்லாம் மாதாவை இறக்கி வைக்க வேண்டும்.

அண்ணனுக்கு ஒரே ஒரு தட்டுத்தான் பிடித்தது. செங்கல் சுவர்த் தட்டு. அதைக் கேட்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டு வீட்டில் கிடப்பார்.

டவுனில் நஸீர் நானா அப்போதுதான் கடை திறந்திருந்தார். இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம். கடைக்குப் புதுப் பாட்டு கிடைக்காது. தோட்டத்தில் ஒரு தட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். பெட்டியை டவுனுக்கு இறக்க முடியாது என்பதால், டோர்ச் பெட்டரியில் ஓடும் கசட் ரெக்கோடரைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினார். அது பங்குனி மாதம். தேயிலைச் செடியெல்லாம் புழுதி படிந்து நின்றது.

வெளிச்சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்தினோம். அறை இருட்டிவிட்டது. அம்மா பல்பைப் போட்டார். நானா ஒலிவாங்கியை ஒரு தலையணையில் சாய்த்து வைத்து, "மூச்சு சத்தமும் வரப்படா," என்று எல்லாரையும் மிரட்டினார். வியர்வையும் தேயிலை வாசமும் சூடான பெட்டி வாசமும் சேர்ந்து அடித்தது.

முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அம்மா வாயைத் திறந்துவிட்டார். அது கசட்டில் பதிந்துவிட்டது. அப்பாவின் பதிலும் பதிந்துவிட்டது.

"ஏங்க, லைட்டு ஏன் இப்பிடி மங்குது?"

"ஆத்துல தண்ணி இல்லடி."

நானா தலையில் கை வைத்தார். திரும்பவும் எடுக்க அவரிடம் வேறு பெட்டரி இல்லை. அந்தக் கசட்டைத்தான் அவர் பிரதி எடுத்து, மாத்தளை முழுக்கக் கொடுத்தார். உக்குவளை, நாவுல என்று எங்கெல்லாம் அந்தப் பாட்டு போனதோ, அங்கெல்லாம் அம்மாவும் அப்பாவும் போனார்கள்.

பின்வரிசைக் குரல்

என் குரல் தடித்த குரல். மாதா கோவில் பாடல் குழுவில் மற்றப் பெண்பிள்ளைகள் மேலே போகும்போது நான் கீழே நின்றுவிடுவேன். பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்," என்றார். சில வருடங்கள் வாயை மட்டும் அசைத்தேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

அண்ணன் டவுனில் பேண்ட் தொடங்கியபோது கசட்டோடு கிட்டார் சேரவே இல்லை. எந்தக் கட்டையில் வைத்தாலும் கசட் கொஞ்சம் கீழே நின்றது. கடைசியில் அண்ணன் ஆறு கம்பிகளையும் தளர்த்தினார். நான் கசட்டைக் கேட்டு ஒவ்வொரு சுருதியாகத் தொண்டையில் பிடித்துக் கொடுப்பேன்; அவர் கம்பியை அதற்கு இறக்குவார். கசட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டால் நாடா சிக்கும் என்பதால் என் தொண்டையைப் பாவித்தோம்.

ஒரு நாள் சுருதி பிடித்துக் கொடுத்த நான் அப்படியே முழுப் பாட்டையும் பாடிவிட்டேன். அர்த்தம் அரைகுறையாகத்தான் தெரியும். ஒருவன் ரயில் நிலையத்தில் நிற்கிறான், அவள் வரவில்லை என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பாட்டு என் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மேலே ஏறவும் வேண்டாம், கீழே ஒளியவும் வேண்டாம்.

சரத் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "நங்கி," என்றார். சிங்களத்தில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நங்கி, நீங்க இவ்வளவு காலம் எங்க இருந்த?"

"இங்கதான் இருந்தா. யாரு கேட்டீங்க?" என்றார் நானா.

அதன்பிறகு கல்யாண வீடுகளில், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விழாக்களில் பாடினேன். பைலா பாட ஆட்கள் இருந்தார்கள். ஆட்டம் ஓய்ந்து ஜனம் உட்காரும் நேரத்தில் என் பாட்டு வரும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பாதி மறைவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். ஆனால் பாடினேன்.

நாவுலயில் கேட்ட அம்மா

தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த அந்த ஆடி மாதத்தை நான் நீட்டி எழுதப்போவதில்லை. அதற்குள் அப்பா ஓய்வுபெற்று நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். வீடு எரிந்தபோது ரேடியோகிராமும் தட்டும் எரிந்தன. சரத் தன் பஸ்ஸின் பின்சீட்டில் எங்களைப் படுக்க வைத்து, மேலே மரக்கறிச் சாக்கைப் போட்டு, நாவுலயில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அங்கே அம்மா பேசவே இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் சரத் என்ன நினைத்தாரோ, தன்னிடம் இருந்த கசட் பிரதியை எடுத்து மெல்லிய சத்தத்தில் போட்டார். பாட்டு முடிந்தது. "ஏங்க, லைட்டு ஏன் இப்பிடி மங்குது?" என்றது அம்மாவின் குரல்.

அம்மா நிமிர்ந்து கசட் பெட்டியைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் தில்ருக்ஷி நடை பழகி, சொல் பழகும் குழந்தை. அவளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அம்மாவின் மடியில் ஏறி, "லைட்டு ஏன்?" என்பாள். அம்மா, "தண்ணி இல்லடி," என்பார். நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் இது நடந்தது. தமிழில் அவள் படித்த முதல் வசனம் அது.

அண்ணன் ஏற்றிய கம்பி

இனி சீடிக்கு வருகிறேன். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. உக்குவளையில் ஒரு மண்டபம். தன் அப்பாவின் பழைய பேண்ட்தான் வாசிக்க வேண்டும், அந்த ரயில் நிலையப் பாட்டை நான்தான் பாட வேண்டும் என்று தில்ருக்ஷி சொல்லியிருந்தாள்.

"மாப்பிள்ளையோட சேக்காளிங்க எல்லாம் இந்தப் பாட்டக் கரைச்சுக் குடிச்சவனுங்க," என்றார் அண்ணன். "நாம எழவு வீட்டு வேகத்துல வாசிச்சா சிரிப்பானுங்க. சீடியில இருக்கிறபடிதான் வாசிக்கணும்."

கம்பிகளை ஏற்றினார். நான் பாடிப் பார்த்தேன். முதல் வரியே தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. திரும்பவும் பாடினேன். திரும்பவும் உடைந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கிட்டாரைத் துடைத்தார். "கண்டியில ஒரு பிள்ள இருக்கு. ஹோட்டல்ல பாடுது. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவோம் பிலோ. நீ கோவிச்சுக்காத."

"சரிண்ணே," என்றேன்.

எனக்கு எப்போதும் முதலில் வருவது அந்தச் சொல்தான். வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அந்தப் பாட்டு போனால் எனக்கு வேறு பாட்டில்லை. மறுபடி பின்வரிசைதான். அந்த நினைப்போடு கசட்டைப் போட்டுவிட்டுத் தைத்தேன்.

கசட்டில் அம்மா கேட்டார். அப்பா பதில் சொன்னார். எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு, அதை இருவரின் குரலாக மட்டும் கேட்டுப் பழகியிருந்தேன். அன்றுதான் அதில் இருந்த செய்தி காதில் விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே இருந்தது, இழுபடவில்லை. அப்படியென்றால் கசட்டில் பிழை இல்லை.

மறுநாள் காலையில் நானாவின் கடைக்குப் போனேன். அண்ணனும் சரத்தும் அங்கே இருந்தார்கள்.

"ஓடையில தண்ணி இல்ல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் போகும். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு ஓடையில தண்ணி இல்ல. சக்கரம் மெதுவா சுத்துச்சு. லைட்டு மங்குச்சு. பெட்டியில தட்டும் மெதுவாத்தான் சுத்துச்சு. நானாட ரெக்கோடர் பெட்டரியில ஓடுச்சு, அது சரியா எடுத்திருக்கு. அம்மா கேக்குறாங்க, அப்பா சொல்றாரு. கசட்டுலயே இருக்கு."

நானா மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "யா அல்லாஹ்! பங்குனியில மலையேறினது நான்தானே. மழைக்குப் பொறகு போயிருந்தா?"

"மழைக்குப் பொறகு போயிருந்தா நங்கி பாடியிருக்க மாட்டா," என்றார் சரத்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "காரணம் தெரிஞ்சிருச்சு. அதுக்காகப் பிழை சரியாகிருமா? கண்டிப் பிள்ளைக்குச் சொல்லியாச்சு."

உக்குவளை மண்டபம்

மண்டபத்தில் கொழும்பு ஆட்கள் ஒரு பக்கம், நாவுல ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கண்டிப் பெண் நன்றாகவே பாடினாள். சிரித்த முகம், தெளிவான குரல். எனக்கு அவள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. நான் மஞ்சள் சோற்றுத் தட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு முடிந்து ஜனம் ஓய்ந்தது. அண்ணன் கிட்டாரில் அந்தப் பாட்டின் முதல் இழுப்பை எடுத்தார். வேகமாக, மேலே. கொழும்பு மேசையில் இருவர் தலையாட்டினார்கள். நாவுலப் பக்கம் யாரும் அசையவில்லை. அவர்களுக்கு அது என்ன பாட்டென்றே தெரியவில்லை.

தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். மேடைக்குப் போகிற வழி முழுவதும் எல்லாரும் என் சேலையையே பார்ப்பதுபோல் இருந்தது. பார்க்கட்டும் என்று போனேன். மேடையில் ஏறி, ஸ்பீக்கரைத் தாண்டி, நடுவில் போய் நின்றேன்.

"எறக்குங்கண்ணே."

கிட்டார் நின்றது. "பிலோ, என்னா இது? ஆளுக பாக்குறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும். நான் பாடுறேன். கம்பிய எறக்குங்க."

கண்டிப் பெண் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மைக்கை என் கையில் வைத்தாள். "நீங்க பாடுங்க அக்கா. எனக்கும் தண்ணி தவிக்குது," என்று கீழே இறங்கிவிட்டாள்.

நான் முதல் கம்பியின் சுருதியைத் தொண்டையில் பிடித்தேன். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முறுக்காணியைத் திருப்பினார். கம்பி முனகிக்கொண்டு இறங்கி வந்து என் குரலில் உட்கார்ந்தது. அடுத்த கம்பி. அடுத்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, சின்ன வயதில் செய்ததைச் செய்தோம். பாஸ் கிட்டார் வாசித்தவரும் தன் கம்பிகளை இறக்கினார். சரத் குச்சியைத் தூக்கி, மலையேறும் பஸ்ஸின் வேகத்தில் தட்டத் தொடங்கினார்.

கண்ணை மூடாமல் பாடினேன். கடைசி வரியை முடித்தேன்.

அப்போது மணமகள் ஆசனத்திலிருந்து, நகையும் சரிகையுமாக இருந்த தில்ருக்ஷி, தமிழில் கத்தினாள். "ஏங்க, லைட்டு ஏன் இப்பிடி மங்குது?"

நாவுலப் பக்கம் முழுவதும், பெரியவர், சின்னவர், சிங்களம் தவிர வேறு பேசாதவர்கள் எல்லாரும் சேர்ந்து, "ஆத்துல தண்ணி இல்லடி!" என்றார்கள். அப்பாவின் சலிப்புகூட அச்சாக அப்படியே இருந்தது.

அண்ணன் கிட்டாரைக் கீழே வைத்தார். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளை மேடைக்கு வந்தார். அந்த இசைத்தட்டு வெளிவந்த எல்லாப் பதிப்பும் தன்னிடம் இருப்பதாகவும், இப்படியொன்றை எங்கேயும் கேட்டதில்லை என்றும் சிங்களத்தில் சொன்னார். எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

"வாங்க ஏலாது மாத்தயா," என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க வீட்டுல எடுத்தது."

அட்டை

அடுத்த வாரம் நானா கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார். பழைய கசட்டை முழுதாகச் சீடியில் ஏற்றினார். இரைச்சலைக் குறைத்தார், அம்மா, அப்பா பேச்சில் கை வைக்கவில்லை. கடைசியில், மண்டபத்தில் அவர் பதிந்து வைத்திருந்த என் பாட்டையும் சேர்த்தார். மாப்பிள்ளைக்கு ஒன்று, எங்களுக்கு ஆளுக்கொன்று. கண்டிப் பெண்ணும் ஒன்று கேட்டிருந்தாள்.

அட்டையை வழக்கம்போல் பேனாவால் எழுதினார். இசைத்தட்டின் பெயர். அதற்குக் கீழே, மறுபதிப்பு, மாத்தளை. பதிந்த இடம் எல்கடுவ. அம்மா பெயர், அப்பா பெயர். ஆகக் கீழே, மூலையில், எறும்பு எழுத்தில் என் பெயர்.

"சரியா தங்கச்சி? நீங்க வெக்கப்படுவீங்கண்டு சின்னதா போட்டன்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க நானா," என்றேன்.

ஒரே தடவையில் அவருக்குக் கேட்டுவிட்டது.